பறக்காத நாட்களில்தான் கூட்டம்

விமானம் நின்றது மட்டக்களப்பில். அதற்கு டிக்கட் கொடுக்கும் கந்தோர் கல்முனைக் கடைத்தெருவில். அந்தக் கந்தோரில் இருந்தவன் நான்.

குட்டி விமானம், ஒரு மணித்தியாலத்தில் கொழும்பு. ஆனால் ஏறுமுன் ஆட்களையும் தராசில் நிறுக்க வேண்டும். "எங்கட பொம்புளையள சபையில வெச்சு நிறுக்கிறயா?" என்று முதல் கிழமையே சண்டை. கைத்தறிச் சாறன்களைக் கொழும்புக்குக் கொண்டுபோய் விற்கும் மருதமுனை வியாபாரி ஒருவரிடம், பாரம் கூடிவிட்டது, பாதி மூட்டையை இறக்குங்கள் என்றார்கள். ஊர் திரும்பியவர் நேரே என்னிடம் வந்து, "பாதிச் சாறன ஆருக்குடா விக்கிற?" என்று கத்தினார்.

ஆள் குறைந்தால் விமானம் எழும்பாது. அன்றைக்கு கம்பனி வேனிலேயே கொழும்புக்கு அனுப்புவோம், மன்னிப்பாக ஒரு சோற்றுப் பார்சலும் கொடுத்து. அங்கேதான் காரியம் கெட்டது. வேன் வீட்டு வாசலில் ஏற்றியது, கொழும்பில் புறக்கோட்டைக் கடை வாசலில் இறக்கியது. ஒருவரையும் நிறுக்கவில்லை.

ஒரு நாள் அந்த வியாபாரிக் காக்கா போன் எடுத்தார்.

"தம்பி, இண்டைக்கு பிளேன் பறக்குமா?"

"ஓம் காக்கா, கட்டாயம் பறக்கும்."

"அப்ப நான் நாளைக்கு வாறன்."

பிறகு எல்லோரும் அதையே கேட்டார்கள். பறக்கும் என்றால் ஆள் வராது. ஆள் வராவிட்டால் பறக்காது. பறக்காது என்று தெரிந்ததும் கந்தோர் நிறையும். "இவ்வளவு பேர் இருக்காங்களே, பறக்கலாம்" என்று முகாமையாளர் சந்தோசப்பட்டால், கூட்டம் மெல்லக் கலையும்.

கடைசியில் கம்பனி வேனை வைத்துக்கொண்டு விமானத்தைக் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்துக்கே அனுப்பிவிட முடிவு செய்தது. வெறுமனே போகிறதே, நீயும் ஏறு என்றார்கள். அதுவரை நான் பறந்ததே இல்லை.

"வேன் இரிக்கக்குள்ள அதுல என்னத்துக்கு மகன் போறாய்?" என்று உம்மா அழுதா.

விமானிக்குப் பக்கத்தில் இருந்தேன். கீழே வாவி வெள்ளித் தகடாகக் கிடந்தது. அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய வரை பச்சை வயல். இதைப் பார்க்க ஒருவரையும் ஏற்ற முடியவில்லையே என்று நினைத்தேன்.

"ஏன் ஆள் வரல்ல?" சிங்கள வாடைத் தமிழில் விமானி கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில், சுக்கானிலிருந்து கைகளை எடுத்துவிடுவாரோ என்று பயந்துபோனேன்.

இரத்மலானையில் என்னைத் திருப்பி ஏற்ற எங்கள் வேன் வந்து நின்றது. விமானி சாரதியிடம் போனார்.

"அடுத்த கிழமை மட்டக்களப்புல என்ட சாமான் எடுக்கணும். முன் சீட் இருக்கா?"

"இல்ல சேர், புக் பண்ணிட்டாங்க. பின்னுக்குத்தான்."

சொன்னபடியே அடுத்த கிழமை வந்து பின்னால் ஏறினார். வழி நெடுக நல்ல நித்திரை.