"நல்லதோ?" என்றொரு கேள்வி

அரவை அணியாகப் பூண்டு, அதற்குப் பகையான பிறையையும் அதன் அருகிலேயே அஞ்சாது வாழவைத்த அண்ணலின் திருவடிகளை முதற்கண் தொழுகின்றேன். இன்று ஆடித் திங்கள் வளர்பிறைச் சதுர்த்தி. நாக சதுர்த்தி நன்னாள்.

காய்ந்த ஓலை எரியும் மணத்தோடு தசை கருகும் மணமும் கலந்து வீசும் பருவம் ஒன்று என் சிறுவயதில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவைச் சுற்றியிருந்த பழைய ஓலை வேலியை ஆண்டுக்கொருமுறை பிரித்து, தென்னோலையில் பின்னிய புதிய கிடுகு கட்டுவார்கள். "வேலியடைப்பு" என்பது அதன் பெயர். உக்கிய கிடுகுகளை இழுக்கும்போது, அவற்றின் அடியில் குளிர்ச்சி தேடிக் கிடந்த பாம்புகள் வெளிப்படும். வேலி கட்ட வந்த செல்லன் கையை உதறிப் பின்வாங்குவார். என் தந்தையாரின் தமையனாரான பெரியையா, காலையில் பதிகம் பாடி முடித்த அதே வாயால், எட்ட நின்று கேட்பார்: "நல்லதோ?"

எங்கள் ஊரில் நாகம் ஒன்றே "நல்ல பாம்பு". செல்லன் சற்றுத் தயங்கினால் பெரியையாவுக்குப் பொறுக்காது. "படமெடுக்குதோ எண்டு பாரடா, சாதகக் குறிப்புப் பாத்தோ சொல்லப்போறாய்?" என்பார். செல்லன் அவரைவிட மூத்தவர். பத்து வயதுச் சிறுவனான நானும் அவரை வெறும் பெயர் சொல்லியே அழைத்தேன். "ஓமையா, நல்லது" என்ற மறுமொழி வந்தால் வேலை நின்றுவிடும். பெரியையா சால்வையை இடுப்பிற் கட்டி, கற்பூரம் ஏற்றி, வெள்ளிக் கிண்ணத்தில் பால் வைத்துக் கைகூப்புவார். அது தானாகப் போகும்வரை ஒருவரும் அசைவதில்லை. "இல்லையையா" என்று வந்தாலோ, நஞ்சுடைய புடையனாயினும் எவரையும் வருத்தாத சாரையாயினும் ஒரே முடிவுதான்: அடித்துக் கொன்று பழைய கிடுகோடு எரித்துவிடுவார்கள். நான் மேலே சொன்ன மணம் அதுவே. தடி எடுத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அன்று அது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

சென்ற வாரம் மகள் வதனி, கனடாவின் மொன்றியல் நகரில் இப்போது நாங்கள் வாழும் வீட்டுக்குள்ளேயே நான் அடைந்து கிடக்கிறேன் என்று கடிந்து, ஒன்ராறியோ மாகாணத்தின் பெரிய ஏரிக்கரைப் பூங்கா ஒன்றுக்கு என்னை அழைத்துப் போனாள். பாறைகளுக்கிடையே சென்ற ஒற்றையடிப் பாதையில், காற்றில் வாகை நெற்று குலுங்குவது போன்ற ஓசை கேட்டது. இரண்டடிக்கு அப்பால், சாம்பல் நிற உடலைச் சுருட்டி, வால்நுனியை நிமிர்த்தி அதிரவைத்துக்கொண்டு கிடந்தது ஒரு கிலுகிலுப்பைப் பாம்பு. என்னையறியாமலே ஊன்றுகோலை ஓங்கிவிட்டேன்.

அவ்வழியே வந்த பூங்காக் காவல் பெண் உள்ளங்கையை உயர்த்தி எங்களைத் தடுத்தாள். நான் தடியை இறக்காமலே மகளிடம் சொன்னேன்:

"பிள்ளை, இது நல்லதோ எண்டு கேள்."

"பாம்பில என்னப்பா நல்லது? விசமோ எண்டு கேக்கவோ?"

"நல்லதோ எண்டே கேள்."

வதனி ஆங்கிலத்தில் கேட்டாள். அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மறுமொழி சொன்னாள். மகள் எனக்குச் சொன்னாள்: "விசமுள்ளதுதானாம். ஆனா அடிச்சாக் குற்றமாம், அதுக்குச் சட்டம் இருக்காம். சனம் கண்ட கண்ட இடத்தில அடிச்சு, இப்ப கொஞ்சம்தான் மிச்சமாம். நல்லதெண்டு நீங்கள் எதைச் சொல்றியள் எண்டு அவ கேக்கிறா." பிறகு குரலைத் தாழ்த்தி, "தடியைக் கீழ விடுங்கோ அப்பா" என்றாள்.

தடி இறங்கியது. பாம்பு அவசரமின்றிப் பாறை இடுக்கினுள் நுழைந்து மறைந்தது. அந்தப் பெண் என் மறுமொழிக்காக இன்னும் காத்து நின்றாள். நானோ காது கேளாதவனைப் போல ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அரவணிந்தவனை நாள்தோறும் பாடுகின்றேன். அவன் தன் மேனியில் ஏற்ற அரவிடம் நல்லதோ என்று கேட்டதாக எந்தப் பாட்டிலும் படித்ததில்லை. பாடத் தெரியாத ஒரு சட்டமும் அப்படிக் கேட்கவில்லை. கேட்டவன் நான்.

பெரியையாவின் வெள்ளிக் கிண்ணம் போரையும் இடப்பெயர்வையும் கடந்து இங்கே, மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுச் சாமியறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இன்று காலை அதைத் துலக்கியெடுத்தும் பால் வார்க்கக் கை எழவில்லை. "என்னப்பா, பால் வைக்கேல்லையே?" என்று வதனி கேட்டாள். வேலியடைப்பைப் பற்றியும் செல்லனைப் பற்றியும் முதன்முறையாக அவளுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள், "வேலியடைக்க வந்த அவருக்கு எதில தேத்தண்ணி குடுத்தனியள்?" என்றாள்.

சிரட்டையில். வேலிக்கு வெளியே குந்தியிருந்து அவர் ஏந்திய தேங்காய்ச் சிரட்டையில், கை படாதபடி உயரத்திலிருந்து நான்தான் ஊற்றினேன்.

வதனி எழுந்து அடுப்படிக்குப் போனாள். அந்த யாழ்ப்பாண வளவைச் சுற்றி இன்று சீமெந்து மதில் நிற்கிறதாம். ஓலை வேலியும் இல்லை, அதன் அடியில் ஊர்ந்த உயிர்களும் இல்லை. செல்லனின் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. கேள்வி மட்டும் கடல் கடந்து என் நாவில் வந்திருக்கிறது. கிண்ணம் இன்று வெறுமையாகவே இருக்கிறது.

இதைப் படிக்கும் நீங்கள் யாவரும், உள்ளே வருமுன் "நல்லதோ?" என்று எவரும் கேளாத வாசல்களையே காண்பீர்களாக, உங்கள் வாசலும் அத்தகையதாக இறைவன் அருள்வானாக.