சீனியின் நாற்பது நாள்

சிட்னியின் நார்த்மீட்டில் விக்னராஜாவைச் சொந்தக்காரர்கள் "ஃபெரட் புரோக்கர்" என்று பகிடி பண்ணுவார்கள். வயது ஐம்பத்தெட்டு; ரயில் பெட்டிகள் திருத்தும் வேலை. கீரியைப் போல நீண்ட உடம்புள்ள ஃபெரட்டுகளைப் பின்வளவுக் கொட்டிலில் வளர்த்துக் குட்டி எடுப்பது பதினைந்து வருடப் பழக்கம். வாங்க வருகிறவர்களை இருத்திவைத்து ஒன்றைச் சொல்லாமல் அனுப்ப மாட்டார்.

"பெட்டைக்குப் பருவம் வந்தால் சும்மா விடாதேங்கோ. கடுவனோட சேரவேணும், இல்லையெண்டால் டொக்டரிட்ட ஊசி. ரெண்டுமில்லையெண்டால் உடம்பு இரத்தம் ஊறுறதையே நிப்பாட்டிப்போடும்."

ஓகஸ்ட் கடைசியில் வெள்ளைப் பெட்டை சீனிக்குப் பருவம் வந்தது. பத்து நாள் பொறுத்துத்தான் சேர்ப்பார். பத்தாம் நாள் யாழ்ப்பாணத்திலிருந்து அழைப்பு வந்தது: அண்ணர் அரியரத்தினம் போய்விட்டார். முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு.

அந்தச் சனிக்கிழமை கடுவன் கறுப்பனைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போனவரை மனைவி யோகா குசினி யன்னலால் கண்டார்.

"என்னப்பா, துடக்கு வீட்டில கலியாணமோ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். விக்னராஜா திரும்பி வந்துவிட்டார். வீட்டில் விளக்கேற்றவில்லை, கோயிலுக்குப் போகவில்லை. இதை மட்டும் செய்வதா என்று பட்டது. ஊசி போடலாம், ஆனால் இந்தப் பருவம் போய்விடும். சீனியிடம் ஒரு ஈற்றாவது எடுக்க ஆசை. முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக் கிரியை முடியட்டும், ஒரு மாதம்தானே.

வால் மயிர் கொட்டியது. வசந்தத்தில் கொட்டுவதுதான் என்று விட்டார். துடக்கின் இருபத்தொன்பதாம் நாள் காலை சீனி பின்னங்கால்களை இழுத்தது. உதட்டை விலக்கிப் பார்த்தார். பல்முரசு கடதாசி மாதிரி வெளுத்துக் கிடந்தது.

மிருக வைத்தியர் நிரூபாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் சிட்னியிலேயே பிறந்தவர்.

"எத்தினை நாளா ஹீட்டில இருக்கிறா, அங்கிள்?"

"ரெண்டு கிழமை இருக்கும்."

நிரூபா சீனியின் வயிற்றிலிருந்த சிவப்புப் புள்ளிகளைக் காட்டினார். "இது ரெண்டு கிழமை இல்லை. எல்லாருக்கும் கிளாஸ் எடுக்கிறது நீங்கள்தானே? உண்மையைச் சொன்னால்தான் ட்ரீட் பண்ணலாம்."

விக்னராஜா கதிரையில் இருந்தார். "நாப்பது நாள், பிள்ளை. துடக்கெண்டு விட்டுட்டன்."

நிரூபா ஏசவில்லை. பருவத்தை நிறுத்தும் ஊசியைப் போட்டார். "இரத்தம் ஏத்தவேணும். வேற ஃபெரட் இருந்தால் உடனே கொண்டுவரச் சொல்லுங்கோ. இவைக்குக் குரூப் பாக்கத் தேவையில்லை."

இருபது நிமிடத்தில் யோகா கறுப்பனைக் கூட்டோடு காரில் கொண்டுவந்தார்.

கறுப்பனின் இரத்தம் ஏறியதும் சீனி கண் திறந்து கொஞ்சம் முட்டை மஞ்சள் கரு தின்றது. அந்திரட்டியன்று காலை விக்னராஜா கிரியைகளை முடித்த கையோடு வந்து பார்த்தார். அப்போதும் நக்கித் தின்றது. இரத்தம் ஏற்றிய ஐந்தாம் நாள் அளவு மறுபடி இறங்கியது.

"எலும்புக்குள்ள புதுசா ஊறேல்லை, அங்கிள்," என்றார் நிரூபா. இரண்டாம் முறையும் ஏற்றிப் பார்த்தார்கள். எட்டாம் நாள் விக்னராஜாவின் மடியிலேயே சீனியின் மூச்சு நின்றது.

பின்வளவில் புதைத்துவிட்டுக் குசினிப் படியில் வந்து இருந்தார். யோகா பக்கத்தில் நின்றார்.

"நான் பகிடிக்குச் சொன்னனான், அப்பா."

"தெரியும். எனக்கெல்லோ விசயம் தெரியும், உனக்கில்லையே."

விக்னராஜா போனை எடுத்து, சென்ற வருடம் சீனியின் தங்கையை வாங்கிப்போன சத்தியபாமாவை அழைத்தார்.

"பிள்ளை, உங்கட பெட்டைக்குப் பருவம் வந்திட்டுதோ? ஓம்... இல்லை, பொறுக்கவேண்டாம். இண்டைக்கே டொக்டரிட்டக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. நான் பொறுத்து என்ர ஒண்டைச் சாக விட்டுட்டன்."