மசாஜுக்குத் தூக்கிய கை

பவளராணி வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை. டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரத்து மீன் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக வேலை. மேற்பார்வையாளனையே டேனிஷில் நாலு கேள்வி கேட்டு வாயடைக்க வைத்தவள். அப்பேர்ப்பட்டவள்தான் அன்றைக்குக் கன்ரீனில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் நாக்கைத் தொலைத்துவிட்டு இருந்தாள்.

கூட்டம் இதற்குத்தான்: தொழிலாளருக்கென்று தொழிற்சாலை எடுத்திருக்கும் சுகாதாரக் காப்புறுதியில் புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம். பெண்களின் கருத்தடைச் செலவா, எல்லாருக்கும் முதுகு மசாஜா? கையைத் தூக்கித் தீர்மானிக்க வேண்டும்.

பவளராணிக்கு எதிரே நின்று மீன் வெட்டும் அஜந்தினி, கருத்தடைக்கே கை தூக்கச் சொல்லிப் போன கிழமையே அவளிடம் கெஞ்சியிருந்தாள். இரண்டு பிள்ளைகளும் சிசேரியன். மூன்று வருடத்துக்கு இனி வேண்டாமென்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புருசன் ரஜிதனுக்கோ உடனே இன்னொன்று வேண்டும். வங்கிக் கணக்கு அவன் தொலைபேசியில். பார்மசியில் அட்டையைத் தட்டினால் அவனுக்குத் தெரிந்துவிடும். காப்புறுதி நேரே கட்டினால் தெரியாது. பவளராணி அவள் தோளைத் தட்டி, பயப்படாதே என்றாள்.

ஒருவர் கேட்டாலே போதும், சீட்டெழுதி இரகசியமாக வாக்குப் போடலாம். அது இங்கத்தைய வழக்கம், பவளராணிக்கும் நன்றாகத் தெரியும். கேட்டால், இவள் ஏன் கேட்கிறாள் என்று யேசுரட்ணம் அண்ணை யோசிப்பாரே! கருத்தடை பாவம் என்கிற கத்தோலிக்கக் கோயிலில், பவளராணியும் போகும் தமிழ்ப் பங்குச் சபையின் தலைவர் அவர்; இங்கே பொதியிடும் பகுதியில் வேலை. மனுசன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோப்பி மெசினுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார், அவ்வளவுதான். பவளராணியின் கை மசாஜுக்கு உயர்ந்தது.

மசாஜுக்கு நாற்பத்தொன்று, கருத்தடைக்கு நாற்பது. ஒரு கை. அவளுடைய கை.

இத்தனைக்கும் அவள் பதினொரு வருடமாகக் கருத்தடைக் குளிசை போடுகிறவள். எஸ்பியர்க்கில் வாங்கினால் சனம் கண்டுவிடுமென்று கார் எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரான வார்டெயின் பார்மசிக்குப் போவாள். பாவி, பாவி என்று அன்றிரவு முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை உடைமாற்றும் அறையில் அஜந்தினியே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“பரவாயில்லை அக்கா. உங்கட சமயம் இதுக்கு விடாது எண்டு எனக்கு விளங்குது.”

தப்பிக்க நல்ல வழி. ஓம் என்று தலையாட்டினால் முடிந்தது. பவளராணியால் அது முடியவில்லை.

“நானும் குளிசை போடுறனான், அஜந்தினி. பதினொரு வரியமாய்.”

ஒரு காலில் சப்பாத்தை மாட்டியிருந்த அஜந்தினி நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்ப ஏன் அக்கா?”

“யேசுரட்ணம் அண்ணை பாத்துக்கொண்டு நிண்டவர்.”

சொல்லி முடித்ததும் பவளராணிக்குக் கூசியது. இவ்வளவுதானா காரணம்! அஜந்தினி மற்றச் சப்பாத்தையும் மாட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

அன்று முழுக்க இருவரும் எதிரெதிரே நின்று மீன் வெட்டினார்கள். கத்தி வேண்டுமென்றால் கையை நீட்டினாள் அஜந்தினி. அக்கா என்று ஒருதரமும் கூப்பிடவில்லை.