வெட்ட வெட்ட உடையாத எண்

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வேலையிடத்தில் அவனுக்குப் பட்டப்பெயர் ‘மீதி’. கதவு எண்ணோ வண்டி எண்ணோ, எதைப் பார்த்தாலும் மூன்றால் வகுத்தால் மீதி என்ன, ஏழால் வகுத்தால் மீதி என்ன என்று முணுமுணுப்பான். எதிரே நிற்கும் மனிதர் கண்ணுக்குத் தெரியமாட்டார். முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லையென்றால் யாரைக் குறை சொல்வது?

எங்கள் தெருமுனையில் ஒரு பெண் சலவைக்கடை திறந்தாள். வாசலுக்கு மேலே பெரிய சிவப்பு எழுத்தில் கடையின் லேண்ட்லைன் நம்பர்: 73939133. அன்றிலிருந்து அண்ணனுக்குச் சட்டை அழுக்காகும்வரை பொறுமையில்லை. துவைத்ததையே தூக்கிக்கொண்டு ஓடுவான். ஆனால் அவளைப் பார்த்ததும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.

ஒருநாள் எப்படியோ வாயைத் திறந்துவிட்டான். இயந்திரங்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன.

“உங்க நம்பர் பகா எண்ணுங்க” என்றானாம். அவள் முகம் சட்டென்று சிவந்ததாம். வெட்கம் என்று இவனாக முடிவு கட்டி, அன்று முழுக்க வீட்டில் சீட்டியடித்துக்கொண்டு திரிந்தான்.

அடுத்த வாரம், சலவைக்குப் போட்ட திரைச்சீலையை வாங்க நான் போனேன். ஏணிமேல் பெயிண்டர் அந்த நம்பரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“உங்க அண்ணன்தான் பகை எண்ணுன்னு சொன்னாரு” என்றாள் அவள். “வியாபாரமும் மந்தமாத்தான் இருக்கு. நாளைக்கு வேற நம்பர் வருது. இனிமே அவரு துணியையும் வேற கடையில குடுக்கச் சொல்லுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். கையில் கிரீஸோடு மூச்சிரைக்க வந்து நின்றான். அதற்குள் வலப்பக்கக் கடைசியில் இருந்த இரண்டு ‘3’களும் போய்விட்டன.

“பகை இல்லீங்க, பகா” என்றான். “எதாலயும் மீதியில்லாம பகுக்க முடியாத எண். ஒண்ணாலயும் அதாலயும் மட்டும்தான் முடியும்.”

“அதான் ரெண்டு எழுத்து போயிடுச்சே.”

“போனாலும் பகாதான். இப்ப இருக்கிற 739391-ம் பகா. இன்னும் ஒண்ணு வெட்டினா 73939, அதுவும். கடைசியா ஏழு மட்டும் நின்னாலும் பகா. இப்படி இருக்கிறதுலயே பெரிய எண் உங்க முழு நம்பர்தான். இதுக்கு மேல ஒண்ணு கிடையவே கிடையாது.”

பெயிண்டர் மேலிருந்து, “நான் சுரண்டவா, இறங்கவா?” என்று கேட்டார்.

அவள் அண்ணனையே பார்த்தாள். “நம்பரைச் சொல்றீங்களா, என்னைச் சொல்றீங்களா?”

அண்ணன் கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்தான். “உங்களையும்தாங்க.”

எனக்கு அப்படியே அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

“இவ்வளவு தெரியுது” என்றாள் அவள். “ஒரு தடவை அந்த நம்பருக்குப் போன் பண்ணியிருக்கக் கூடாதா?”

அண்ணன் விழித்தான். பிறகு பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து எட்டு இலக்கங்களையும் ஒவ்வொன்றாக அழுத்தினான். கடைக்குள் மணி அடித்தது. அவள் ஓடிப்போய் எடுத்து, “சொல்லுங்க” என்றாள்.