ஒன்பதாம் கட்டிலின் வேட்பாளர்

காதில் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிய பிறகும் பேசிக்கொண்டேதான் இருக்கிறார். “ஐயா, முன்னால சாஞ்சுக்கோங்க. மூச்ச வெளிய விட்டு அப்படியே நிறுத்துங்க” என்று என்னிடம் சொன்ன கையோடு, பின்னால் நிற்கும் ஐந்து மாணவர்கள் பக்கம் திரும்பி, “நம்ம சங்கம் இந்த வருஷம் வேற மாதிரி செயல்படணும்” என்கிறார். நான் மூச்சை நிறுத்தியபடி இருக்கிறேன். அவர் செயல்திட்டத்தின் மூன்றாவது அம்சத்துக்கு வந்துவிட்டார். என் முகம் சிவந்த பிறகுதான், “விடலாம் ஐயா” என்று அனுமதி கிடைக்கிறது.

நான்காம் ஆண்டு மருத்துவ மாணவர் அவர். பொது மருத்துவ மாணவர் சங்கத்தின் தலைவர் பதவிக்கு நிற்கிறார். முதலாண்டில் செயற்குழுவுக்கு நின்று தோற்றார். போன வருடம் செயலாளர் பதவிக்கு நின்று பதினோரு ஓட்டில் தோற்றார். இறுதியாண்டில் நிற்க விதி இடம் தராது என்பதால் இதுதான் கடைசி வாய்ப்பு. பதவி வராத இந்தக் காலத்தில் ‘தலைவர்’ என்ற பட்டப்பெயர் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது. நண்பர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவர் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார்க்கிறார்.

வெள்ளைக் கோட்டின் இடது பையில் டார்ச்சும் முட்டியில் தட்டும் சின்னச் சுத்தியலும். வலது பையில் ஒரு குறிப்பேடு. அதில் வகுப்புவாரியாக வாக்காளர் பெயர்கள், உறுதி, சந்தேகம் என்று இரு நிற மையில். மூன்று பேர் சேர்ந்து நின்றால் அவருக்கு அது கூட்டம். லிஃப்டில் கூட “சுருக்கமா ரெண்டு வார்த்தை” பேசிவிடுவார். நல்ல மனசு, அதையும் சொல்ல வேண்டும். மயக்கத்தில் இருக்கும் ஏழாம் கட்டில் பெரியவருக்கும் வணக்கம் வைத்துவிட்டுத்தான் நகர்வார்.

நான் பஸ் டிப்போவில் இன்ஜின் மெக்கானிக். இதயத்தில் ஒரு வால்வு கசிகிறது என்று படுக்க வைத்திருக்கிறார்கள். லப், டப், அதற்குப் பிறகு மெல்லிய பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் வருமாம். பெரிய டாக்டர் கேட்டுவிட்டு, “அருமையான சத்தம்!” என்றார். ஐம்பத்தெட்டு வருடத்தில் என்னிடம் இருக்கும் எதையும் யாரும் அருமை என்றதில்லை. மறுநாளே தலைவர் வந்துவிட்டார். எதிர்த்து நிற்கும் மாணவி, பரீட்சைக் கேள்விகளை விடையோடு அச்சடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். இவர் கொடுத்த வாக்கு, தினமும் கட்டில் பக்கத்தில் நேரடிப் பாடம். அதற்குக் கிடைத்த முதல் கட்டில் என்னுடைய ஒன்பதாம் கட்டில்.

“உங்க நெஞ்ச வெச்சே ஓட்டு வாங்குறாரு” என்றாள் என் மனைவி. “ஜெயிச்சா உங்களையும் மேடையில ஏத்துவாரா?”

பாடத்துக்கு அவர் வைத்த சட்டம் கடுமையானது. வார்டுக்குள் போனை அணைத்துவிட வேண்டும். கேட்காமல் கேட்டதாகத் தலையாட்டக் கூடாது. ஒருவருக்குக் கேட்கவில்லை என்றாலும் அந்த ஐவரும் நகரக் கூடாது. “எப்ப கேக்குது? லப்புக்கு அப்புறமா, டப்புக்கு அப்புறமா?” என்று மடக்குவார். “டப்புக்கு அப்புறம்ணா” என்று பிள்ளைகள் பளிச்சென்று சொல்வார்கள். விடை விடுதி முழுக்கப் பரவிவிட்டது என்பது எனக்கே தெரியும்.

அவர் மட்டும் ஸ்டெதஸ்கோப்பை இரண்டே நொடி வைப்பார், பேச்சு நிற்காமலே தலையாட்டுவார். இன்ஜினில் கோளாறு பார்க்கிறபோது எங்கள் பட்டறையில் அரட்டைக்காரன் கூட வாயை மூடிக்கொள்வான். இவருக்கு வாயும் காதும் ஒன்றாக ஓடுவதைப் பார்த்து, பெரிய கெட்டிக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

விண்ணப்பத்தில் தலைமைப் பண்பு பற்றி இருநூறு சொற்கள் எழுத வேண்டுமாம். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். “பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பவன்” என்ற வரிக்கு வந்தபோது ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “ஒரு நிமிஷம் ஐயா, முடிச்சிடறேன்” என்றார். நடுவில் அவர் அம்மா போனில் வந்தார்; அணைக்கும் சட்டம் பிள்ளைகளுக்கு மட்டும்தான். சொந்தபந்தம் எல்லோரிடமும் மகன் தலைவராகிவிட்டதாக ஏற்கெனவே சொல்லிவிட்டாராம். “ஆயிடும்மா, வெள்ளிக்கிழமை ஆயிடும்” என்றார், குரலைத் தாழ்த்தி.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் ஐந்து பேரை என்னிடம் விட்டுவிட்டு, “கேட்டுட்டு நேரா ஓட்டுப் போட வந்துடுங்க. நாலரைக்கு முடிஞ்சிடும்” என்று டை கட்டிக்கொண்டு ஓடினார். நான்கு பேர் வழக்கம்போல விடையை ஒப்பித்தார்கள். ஐந்தாவது பெண், வாயே திறக்காதவள், “எனக்குக் கேக்கல” என்றாள்.

“கேக்குதுன்னு சொல்லேன்டி, போகலாம்.”

“கேக்கலயே. எப்படிச் சொல்றது?”

சட்டம் சட்டம்தான். நான்கு பேரும் முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். அவள் என் நெஞ்சில் அங்குலம் அங்குலமாகத் தேடினாள். “இன்னொரு தடவை ஐயா” என்பாள், நானும் முன்னால் சாய்வேன். சுவர்க் கடிகாரம் எனக்கு நேர் எதிரேதான் இருந்தது. சொல்லியிருக்கலாம். என்னை யாரோ இத்தனை அக்கறையாகக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது, அதனால் சொல்லவில்லை.

ஐந்தேகாலுக்குத் தலைவர் வந்தார். டை தோளில் கிடந்தது.

“நாலு ஓட்டுல போச்சு” என்றார். “நாலே நாலு ஓட்டு. எத்தன தடவ போன் அடிச்சேன்!”

“வார்டுல ஆஃப் பண்ணணும்னு நீங்கதானேண்ணா…”

யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கடிகாரப் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பெண்தான் மெல்லச் சொன்னாள்: “ஆனா எனக்குக் கேட்டுச்சுண்ணா. இப்பத்தான், நிஜமாவே கேட்டுச்சு. நீங்க காட்டின இடத்துல இல்ல. இடது பக்கம், கொஞ்சம் கீழ.”

அவர் டையை உருவிப் பையில் போட்டார். பிறகு ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டி, அவள் விரல் காட்டிய இடத்தில் வைத்தார். அவர் சொல்லாமலே நான் முன்னால் சாய்ந்து மூச்சை விட்டு நிறுத்தினேன்.

“பரவாயில்ல, ஒரு சங்கம்னா வெற்றி தோல்வி…” என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். வாய் திறந்தபடியே இருந்தது. கண்கள் மெல்ல மூடிக்கொண்டன.

“கேக்குதாண்ணா?” என்றாள் அவள்.

பேசாதே என்று கையை உயர்த்தினார்.