கெட்டியான ஆயில்

என் வீட்டுக்காரர் மெக்கானிக். இருபத்தாறு வருடமாகக் கார் இன்ஜின்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. ஆயில் எப்படிப்பட்டது என்று பார்க்க அவருக்கு டப்பாவில் எழுதியிருப்பது வேண்டாம்; ஒரு சொட்டை விரலில் தேய்த்துப் பார்ப்பார். பிசுபிசுவென்று கெட்டியாக இருந்தால் நல்ல ஆயில், அவ்வளவுதான். செயற்கையாகத் தயாரிக்கிற சிந்தெட்டிக் ஆயில் என்றாலே இளக்காரம்.

"தண்ணி மாதிரி இருக்கு, இதுக்கு மூணு மடங்கு வெலையாம். யார் காதுல பூ சுத்துறான்?"

டாக்சி ஓட்டும் என் தம்பி புதிதாக ஒரு டர்போ கார் வாங்கினான். சர்வீஸுக்கு இவரிடம்தான் விட்டான். வண்டியோடு வந்த புத்தகத்தை நான்தான் இவருக்குப் படித்துக் காட்டினேன். மெல்லிய சிந்தெட்டிக் ஆயில் மட்டும்தான் ஊற்ற வேண்டும், டர்போ சூட்டில் சாதா ஆயில் கருகிக் கசடாகிவிடும், இது தாங்கும் என்று தெளிவாகப் போட்டிருந்தது.

"என் மச்சான் வண்டிக்குப் போய் தண்ணிய ஊத்துவேனா?" என்று கடையில் இருந்ததிலேயே கெட்டியான ஆயிலை ஊற்றினார். அத்தனை பாசம். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஒரே வருடத்தில் வண்டி நடுரோட்டில் நின்றது. இவர் இன்ஜினைப் பிரித்தார். உள்ளே தார் மாதிரிக் கசடு. ஆயில் போகிற வழியெல்லாம் அடைத்து, டர்போவும் போய், இன்ஜினும் போய்விட்டது. இவர் என் முகத்தையே பார்க்கவில்லை.

"ரொம்ப வெரட்டி ஓட்டிட்ட போல மச்சான்" என்றார் தம்பியிடம்.

நான் வாயைத் திறக்கவில்லை. புருஷன் மானம் போய்விடுமாம், பெரிய மானம்! தம்பி தன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, யாரோ ஒருவரின் வேனுக்கு டிரைவராகப் போனான்.

அதன் பிறகு இவருக்குச் சோறு இறங்கவில்லை. நாலு மாதம் கழித்து அவனை வீட்டுக்கு வரச்சொன்னார். தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

"தப்பு உம்மேல இல்ல மச்சான். நான் ஊத்துன ஆயில்தான் எல்லாத்துக்கும் காரணம்."

"தெரியும் மாமா" என்றான் தம்பி. "அந்த வாரமே வேற மெக்கானிக் ஒருத்தர் சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏண்டா இவ்வளவு நாள் சும்மா இருந்த?" என்று நான் கத்தினேன்.

அவன் என் பக்கம் திரும்பினான்.

"நீயாவது சொல்லுவேன்னு நெனச்சேன்க்கா. தெனமும் உன் போனுக்காகப் பாத்துட்டிருந்தேன்."

தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் அடுப்படிக்குள் போனேன். திரும்பி வர எனக்கு முகமில்லை.