இடிபடாமல் பார்த்த கச்சேரி

எங்கள் கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட் எனக்கும் என் தோழிக்கும்தான். ஒரே காலனி, ஒரே ஷிப்ட். உத்திரமேரூரில் விடியற்காலையில் ஏறினால் ஒரகடம் போய்ச் சேரும்வரை தூங்கலாம். மற்றவர்கள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு அப்படித்தான் தூங்குவார்கள். நாங்கள் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்போம். காருக்குள் போகிற ஒயர்களைப் பிரித்துக் கட்டுப்போடுவது எங்கள் வேலை. ஷிப்ட் முழுக்க நின்றபடிதான். ஸ்டூல் கேட்டால், உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்பார் சூப்பர்வைசர். சுழல் நாற்காலியில் அவர் மட்டும் கண் கொட்டாமல் விழித்திருக்கிற மாதிரி.

ஒருநாள் ஏதோ சினிமாப் பாட்டு முடிந்ததும் போன் தானாகவே வேறொன்றைப் போட்டது. அவள் வெடுக்கென்று இயர்போனைப் பிடுங்கினாள்.

“இன்னாடி இது, இயர்போன் பூட்ச்சா?”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கரகரவென்று ஒரே இரைச்சல். அதற்குள்ளே ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தாள். இது பாட்டுதான் என்று புரிவதற்குள் முடிந்தே விட்டது. “இன்னொரு வாட்டி போடு” என்றாள். இரண்டாம் தடவைதான் அது தமிழ் என்று தெரிந்தது. ஹாஸ்டல் கேட்டை எதற்குச் சாயங்காலமே பூட்டுகிறாய் என்று வார்டனிடம் கேட்கிற பாட்டு. மூன்றாம் தடவை இருவரும் சத்தமாகச் சிரித்து, முன்சீட்டு அக்காவிடம் வசை வாங்கினோம்.

அந்த வகைப் பாட்டுக்குப் பங்க் ராக் என்று பெயர், பாடுகிறவர்கள் சென்னையில் நான்கு பேர் கொண்ட ஒரு குழு என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. எங்களுக்கு அது கத்துற பாட்டு. “கத்துற பாட்டப் போடுடி” என்பாள் ஏறி உட்கார்ந்ததுமே. எனக்கு அது ஏன் பிடித்தது என்று நிறைய யோசித்திருக்கிறேன். நான் சர்ச்சில் பாடுகிறவள். அங்கே குரலை மெல்லிசாக வைத்துக்கொள்ள வேண்டும், பிசிறு தட்டினால் பாஸ்டர் அம்மா திரும்பிப் பார்ப்பார். அவளுக்கு இவ்வளவு யோசனையெல்லாம் கிடையாது. “அவ தொண்டையப் பத்தி கவலையே படல பாரு” என்றாள். அதைவிடச் சரியாகச் சொல்ல எனக்கும் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சென்னையில் அவர்கள் நேரில் பாடப்போவதாகப் போனில் வந்தது. வீட்டில் ஓ.டி. என்று சொன்னோம். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் எங்கள் வீடுகளுக்குப் புதிதில்லை. செங்கல்பட்டுவரை பஸ், அங்கிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின். கல்யாண ரிசப்ஷனுக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு போனோம். நல்ல சுடிதார், மடிப்பு வைத்துத் தோளில் ஊக்குக் குத்திய துப்பட்டா, தலையில் மல்லிகைப்பூ. மாடியில் இருந்த அந்த ஹாலுக்குள் நுழைந்தால் அத்தனை பேரும் கறுப்பு டீ ஷர்ட், கிழிந்த பேன்ட். எனக்கு அப்படியே திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது.

அப்போது பாதித் தலையை மழித்திருந்த ஒரு பெண் என் தோழியின் கையையே உற்றுப் பார்த்தாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் வளையலில் எப்போதும் நாலைந்து ஊக்கு தொங்கும். துப்பட்டாவுக்கு ஆகும், அறுந்துபோன செருப்பு வாருக்கு ஆகும், டவுன் பஸ்ஸில் மேலே வந்து சாய்கிறவனின் தொடைக்கும் ஆகும். அந்தப் பெண்ணோ சட்டைக் காலர் முழுக்க ஊக்காகக் குத்தியிருந்தாள். அங்கே அது பேஷனாம்.

“செமயா இருக்கு, எங்க வாங்கினீங்க?”

“பொட்டுக் கடைலதான். அட்டையா விப்பாங்கோ” என்று ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள் இவள். அந்தப் பெண் அதை மெடல் மாதிரி வாங்கிக் குத்திக்கொண்டாள். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

டிரம்ஸ் ஆரம்பித்ததும் ஹாலின் நடுவில் கூட்டம் பிளந்து ஒரு வட்டம் விழுந்தது. அதற்குள் ஆளாளுக்கு ஓடிவந்து ஒருவரையொருவர் மோத ஆரம்பித்தார்கள். அடிதடி என்றுதான் நினைத்தேன். அவள் கையைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் இழுத்தேன்.

“வாடி போயிடலாம். அடிச்சிக்கிறானுங்க.”

“அடிச்சிக்கலடி, நல்லா பாரு. வேணும்னே மோதிக்கினு கீறாங்கோ.”

ஒருவன் தடாலென்று விழுந்தான். நான் ஐயோ என்பதற்குள் சுற்றியிருந்தவர்கள் அவனைத் தூக்கி நிறுத்தி, முதுகில் தட்டி, மறுபடியும் மோதினார்கள். அவள் பையையும் துப்பட்டாவையும் என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கூட்டம் என்றால் எங்களுக்கு என்னவென்று சொல்ல வேண்டும். டவுன் பஸ்ஸில் முழங்கைகள், தேர்த் திருவிழாவில் கைகள். எந்தத் தெருப் பையன் எந்தத் தெருப் பெண்மேல் பட்டான் என்று எங்கள் ஊரில் பஞ்சாயத்தே கூடியிருக்கிறது. அதனால் கூட்டத்தைக் கண்டால் தோளைக் குறுக்கி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கத்தான் சின்ன வயதிலிருந்து பழகியிருந்தோம். அப்படி நின்று பழகியவள் அந்த வட்டத்துக்குள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினாள். மோதினாள், மோதப்பட்டாள், விழுந்தாள். நான் அலறினேன். நான்கு பேர் தூக்கிவிட, உதடு கிழிந்து ரத்தம் வடிய, சிரித்துக்கொண்டே எழுந்தாள்.

“யாரும் கைய வைக்கலடி” என்றாள் என்னிடம் ஓடிவந்து. “இடிச்சாங்கோ, அவ்ளோதான். இடிச்சாங்கோ, அவ்ளோதான்டி!”

அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அடுத்த பாட்டுக்கு நானும் போனேன். எனக்கு ஒன்றும் பெரிய தைரியம் கிடையாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனேன், முதல் மோதலிலேயே கை விட்டுப்போனது. பிறகு அதைத் தேடவும் இல்லை.

கிழிந்த உதட்டுக்கு ஒயர் கட்டுகிற பலகை இடித்துவிட்டது என்று வீட்டில் சொன்னாள். அவள் அம்மா கம்பெனிக்காரனைத் தாறுமாறாகத் திட்டித் தீர்த்தார். அதன் பிறகு தோதுப்பட்டபோதெல்லாம் போனோம். அடிக்கடி இல்லை. போகாத மாதங்களில் ஒயர் கட்டிக்கொண்டே, அந்தப் பாட்டுக்கு நீ எப்படி விழுந்தாய், நான் எப்படி விழுந்தேன் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

பிறகு அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பழையசீவரத்துக்காரர், வாலாஜாபாத்தில் உரக்கடையில் வேலை. அவரிடம் ஏதாவது குறை இருக்காதா என்று நான் தேடினேன், இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். குடிக்க மாட்டார். குரலை உயர்த்த மாட்டார். கல்யாணத்துக்குப் பின் வேலையை விடச் சொல்லி யாரும் அவளை வற்புறுத்தவில்லை. கம்பெனி பஸ் அந்தப் பக்கம் போகாது, அவள் வேலையை விட்டதற்கு அவ்வளவுதான் காரணம். மூன்றாவது சீட்டில் என் பக்கத்தில் இப்போது வேறொரு பெண் உட்கார்ந்து என் தோளில் தூங்குகிறாள்.

அவள் போன் செய்வாள். “நல்லாதான் கீறேன், பேஜார் ஒண்ணும் இல்ல” என்பாள். ஒருநாள் சொன்னாள்.

“குதிக்கணும்டி. ஒரே ஒரு வாட்டி உள்ள பூந்து குதிச்சிட்டு வந்தா போதும் எனக்கு.”

என்னால் என்ன செய்ய முடியும்? அவளுடைய ஞாயிற்றுக்கிழமை இப்போது என்னுடன் பங்கு போடுகிற ஞாயிற்றுக்கிழமை இல்லை.

கொஞ்ச நாளில் அந்தக் குழு மறுபடியும் பாடப்போவதாக அறிவிப்பு வந்தது. பாடுகிற பெண் மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறாளாம், இதற்குப் பிறகு எப்போது என்று தெரியாது என்று போட்டிருந்தார்கள். நான் பழையசீவரம் போனேன். பஸ்ஸில் போகும்போதே இரண்டு மூன்று பொய்களை நன்றாக மெருகேற்றி வைத்திருந்தேன். அவள் வீட்டுக்காரரே கடைக்குப் போய் எனக்குக் குடிக்கக் கலர் வாங்கி வந்து கொடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே உண்மையைப் போட்டு உடைத்துவிட்டாள்.

“பாட்டுக் கச்சேரிங்க. சென்னைல. நானும் இவளும் முன்ன போவோம். எல்லாரும் குதிப்பாங்கோ.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“ஏம்மா, கூட்டம் ஜாஸ்தியா கீதா?”

“கீதுண்ணா.”

“அப்ப இன்னாத்துக்கு ரெண்டு பொம்பளைங்க தனியா போவணும்? ஞாயித்துக்கெழம கடை லீவுதான். நானே இட்டுக்கினு போறேன்.”

சமையல்கட்டுக்குள் இழுத்துப் போய் அவள் என் கையைக் கிள்ளிய கிள்ளில் தோல் கன்றிப்போனது. “ஒத்துக்கினாருடி!” இத்தனை வருஷம் பொய் சொல்லிப் போன இடத்துக்கு முதல்முறையாக உண்மையைச் சொல்லிவிட்டுப் போகிறோம். நாங்கள் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். பஸ் ஏறும்வரை என் சிரிப்பு அடங்கவில்லை.

அன்று அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். தண்ணீர் பாட்டில், பிஸ்கட் பாக்கெட், அவளுக்குத் தலைவலி மாத்திரை எல்லாம் ஒரு துணிப்பையில் இருந்தன. ட்ரெயினில் எங்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வந்தார். ஹால் வாசலில் மணிக்கட்டில் முத்திரை குத்தியபோது மரியாதையாகக் கையை நீட்டினார். கறுப்புச் சட்டைகளைப் பார்த்து அவர் கேலி செய்யவில்லை, முகமும் சுளிக்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மேடைக்கு முன்னால் இருந்த இரும்புத் தடுப்புக்கு எங்களை அழைத்துப் போனார். “இங்கதான் நல்லா தெரியும்” என்றார். அவளுடைய ஊக்குகள் இப்போது வளையலில் இல்லை, தாலிச் சரட்டில் தொங்கின.

டிரம்ஸ் ஆரம்பித்தது. எங்களுக்குப் பின்னால் வட்டம் விழுந்தது. அவள் என்னைப் பார்த்தாள், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்தாள், குதிகால் ஒருமுறை எழும்பியது. அந்த நேரம் பார்த்து முதல் அலை எங்கள்மேல் வந்து மோதியது. திருவிழாக் கூட்டத்தில் பெண்டாட்டியோடு மாட்டிக்கொண்ட எங்கள் ஊர் ஆண் எவரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். அவளைத் தனக்கு முன்னால் நிறுத்தி, இரண்டு பக்கமும் கையை நீட்டித் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி ஊன்றினார். மொத்தக் கூட்டமும் அவர் முதுகில் வந்து விழுந்தது. அவள்மேல் ஒரு விரல்கூடப் படவில்லை.

முதலில் அவள் சிரித்தாள். குனிந்து அவர் கைக்கு அடியில் நழுவப் பார்த்தாள். விழப்போகிறாள் என்று பயந்து அவர் இன்னும் நெருங்கி நின்றார். திரும்பி அவர் காதில் ஏதோ கத்தினாள். அந்தச் சத்தத்தில் என்ன கேட்கும்? “பயப்படாத, நான் கீறேன்” என்று அவர் வாய் அசைந்தது எனக்குத் தெரிந்தது.

நான் வட்டத்துக்குள் போய்விட்டிருந்தேன். சுற்றி வரும் ஒவ்வொரு முறையும் அவர்கள் கண்ணில் பட்டார்கள். முதுகில் இடி விழுந்துகொண்டே இருந்தது. அவர் யாரிடமும் கோபப்படவில்லை. “பாத்துப்பா, பாத்து” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். இஸ்திரிச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. பாட்டுகள் வந்தன, போயின. அவள் நழுவப் பார்ப்பதை விட்டுவிட்டாள். அந்த ஹாலில் அவ்வளவு நன்றாக மேடையைப் பார்த்தவர்கள் யாரும் இருக்க முடியாது. வீட்டில் டிவி பார்க்கிற முகத்தோடு அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்தது கையாலாகாத கோபம். யார்மேல் கோபப்படுவது? போகக்கூடாது என்று அவர் சொல்லியிருந்தால் பொய் சொல்லிவிட்டு வந்திருப்போம். கையை ஓங்கியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். எங்களுக்காக முதுகில் அடி வாங்குகிற மனுஷனிடம் எப்படிச் சண்டை போடுவது, எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஒருமுறை பொறுக்கமுடியாமல் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். “வாடி!” அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். வேர்த்து வழிந்துகொண்டு, ஆனால் தன்னால் ஒரு காரியம் ஆகிறதே என்ற சந்தோஷத்தில் இருந்தது அந்த முகம்.

“பாவம்டி” என்றாள். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

பாட்டு நின்றது. அடுத்ததுதான் கடைசி என்று மேடையில் சொன்னார்கள். அந்த அமைதியில்தான் அவர் என்னைச் சரியாகப் பார்த்தார். தலை கலைந்து, தோளில் சுடிதார் கிழிந்து, மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தேன். அவர் முகம் வாடிப்போனது.

“ஐயையோ, இன்னாமா இது, இப்படிப் போட்டு இடிச்சிக்கிறானுங்க! ஒனக்கு யாரும் இல்லன்னு நெனைச்சிக்கினானுங்களா? வாம்மா, நீயும் உள்ள வா. எடம் கீது.”

கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து வழிவிட்டார். அவள் என்னையே பார்த்தாள். வா என்றும் இல்லை, வராதே என்றும் இல்லை. பின்னால் டிரம்ஸ் ஆரம்பித்துவிட்டது, வட்டம் விழுந்துவிட்டது. அவர் நீட்டிய கை அப்படியே காத்திருந்தது.

நான் குனிந்து உள்ளே போய் அவள் பக்கத்தில் நின்றேன். அவர் மறுபடியும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பாட்டு முடியும்வரை எங்கள்மேல் யாருமே படவில்லை.